முட்டிக்கு ஆன செலவு

கோச் ஹாலக் கூப்பிட்டபோது டெல்வின் டேட் முன்பின் தெரியாத ஒருவருடைய படுக்கையறையில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மறுமுனை, கட்டிலுக்குப் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்த ரிக்கியிடம் இருந்தது. கார்பெட் கடையில் விற்பனைக்குப் போகிறவர்கள் தாங்களேதான் மண்டியிட்டு அளக்க வேண்டும். டெல்வினால் மண்டியிட முடியாது. வலது முட்டி பாதி மடங்கியதும் பூட்டிக்கொண்டுவிடும். அதனால் முதலாளி அவனோடு எப்போதும் ஒரு ஆளை அனுப்பிவைப்பார். இரண்டு சம்பளம் என்றாலும் அவருக்கு நஷ்டமில்லை. கதவைத் திறக்கிறவர்களில் பாதிப் பேர் அவன் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "அந்த டெல்வின் டேட்டா?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு பேரம் பேச மாட்டார்கள்.

அந்த டெல்வின் டேட்தான். பிராட்வெல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் இருந்தவன். பனியும் மழையுமாகக் கொட்டிய ஒரு நவம்பர் மாலையில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், இரண்டு பேருக்கு மேலே எம்பி ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்தவன். இருபது வருஷம் கழித்தும் அந்த ஊர் மதுக்கடைகளில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. படத்தில் ஹெல்மெட்டுக்குள் அவன் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அதற்கு அடுத்த வருஷம் பயிற்சியில் முட்டி போனதும், அதற்கடுத்த கோடையில் உதவித்தொகை நின்றதும், பட்டம் வாங்காமலே அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியதும் எந்தச் சுவரிலும் இல்லை. யாரும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"டெல்! என்னடா, கிழவனாயிட்டியா?"

குரலைக் கேட்டதுமே முதுகு தானாக நிமிர்ந்தது. "கோச்! நல்லாருக்கீங்களா?"

அன்று உதவிப் பயிற்சியாளராக இருந்து, அவனுடைய அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டு, இனிமேல் இவன் என் பையன் என்று சொல்லி அவனை அழைத்துப்போனவர் ஹாலக். இப்போது அவர்தான் தலைமை. டெல்வின் ஊரைவிட்டுப் போன பிறகு அவர் தானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"பசங்க குழம்பிப்போய்க் கெடக்கறானுங்கடா. வெளியாளுங்க யாரோ வந்து, நீங்கல்லாம் தொழிலாளிங்க, சங்கம் வைங்க, சம்பளம் கேளுங்கன்னு ஏத்தி விட்டுட்டாங்க. ஓட்டெடுப்பு வரைக்கும் வந்துருச்சு. நான் சொன்னா, கோச் வேற எப்படிச் சொல்வான்னு நினைப்பானுங்க. நீ சொன்னா கேப்பானுங்க. வந்து உன் கதையச் சொல்லு. அவ்வளவுதான்."

"என் கதையா கோச்?"

"ஆமாடா. நாம குடும்பம் மாதிரி இருந்தோமே, அதை." கொஞ்சம் இடைவெளி விட்டு, "வர்ற சீசன்ல மைதானத்துச் சுவர்ல உன் ஜெர்சி நம்பரை ஏத்தலாம்னு ஒரு பேச்சு இருக்கு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. காதுல போட்டு வைக்கறேன்" என்றார்.

டெல்வின் கையிலிருந்து நாடா நழுவி, சுருண்டு பாய்ந்து, கட்டிலுக்குப் பின்னாலிருந்த ரிக்கியின் காதில் பட்டது. "அண்ணே, கொன்னுடாதீங்க" என்று குரல் வந்தது. டெல்வின் சிரித்தான். அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தான்.

வீட்டில் மனைவி லோனெட்டிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. டயாலிசிஸ் மையத்தில் வேலை முடித்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு உன்னப் பாக்க ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவையாவது வந்தானா?"

"சீசன் நடுவுல அவருக்கு எங்க நேரம் இருக்கும்?"

"பிப்ரவரியிலயா?"

பிப்ரவரியில் எந்த அணிக்கும் ஆட்டமில்லை என்பது அந்த மாநிலத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். லோனெட் கத்தியால் நறுக்கியதை வழித்துச் சட்டியில் போட்டாள். "போகணும்னு முடிவு பண்ணிட்ட. முகத்துலயே எழுதி ஒட்டிருக்கு. போய்ட்டு வா. நீலச் சட்டையப் போட்டுக்க, அது உனக்கு எடுப்பா இருக்கும்."

அணிக்குப் புதிதாகக் கட்டியிருந்த கட்டடத்தை அவன் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. வாசலில் கண்ணாடிச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முடிவெட்டிக்கொள்ள ஒரு அறை, தூங்க ஒரு அறை. கூட்ட அறைக்குப் போகும் வழியில் ஆள் உயரத்துக்கு அவனுடைய படம் இருந்தது. அந்தப் பந்து, அந்தக் கை, அந்தப் பனி. பக்கத்தில் நடந்துவந்த கோச் வேண்டுமென்றே அந்த இடத்தில் நடையைத் தளர்த்தினார். டெல்வின் தெரிந்தேதான் அதற்கு இடம் கொடுத்தான். நின்று பார்த்தான். இவ்வளவு பெரிதாக நாம் இங்கேயே இருந்திருக்கிறோம், நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தான்.

உள்ளே தோல் இருக்கைகளில் பையன்கள் சாய்ந்திருந்தார்கள். அவன் நுழைந்ததும் எழுந்து கை தட்டினார்கள். அவனுக்கு மேடைப் பேச்சு வராது என்று அவனே நினைத்திருந்தான். வந்தது. அதிகாலைக் குளிரில் ஓடியதைச் சொன்னான். பக்கத்தில் நிற்பவனுக்காக அடிவாங்குவது என்றால் என்ன என்று சொன்னான். குடும்பத்துக்குள் யாரும் சங்கம் வைப்பதில்லை என்றான். அந்த வாக்கியம் கோச் சொல்லிக்கொடுத்ததல்ல, அந்த நேரத்தில் அவனுக்கே தோன்றியது. பின்சுவரில் கை கட்டிச் சாய்ந்திருந்த ஹாலக் தலையசைத்தார்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். டாரியன் கூம்ஸ், களத்தில் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக். சங்கத்துக்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் அவன்தான் என்று கோச் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வம்புக்காரன் போன்ற முகமில்லை. கண்ணாடி போட்டு, வகுப்பில் சந்தேகம் கேட்பவன் மாதிரி இருந்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்குச் சம்பளம்கூட ரெண்டாவதுதான். அடிபட்டா என்ன ஆகும்னுதான் நாங்க கேக்கறோம். நீங்க நொண்டிக்கிட்டே வந்தீங்க. உங்க முட்டிக்கு யார் சார் செலவு பண்ணாங்க?"

"டேய் டாரியன், மரியாதையா பேசுடா" என்று யாரோ முனகினார்கள்.

"மரியாதையாத்தான் கேக்கறேன்."

பையன்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். தாழ்வாரத்தில் இருக்கிற அந்தப் படத்தைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். முதல் அறுவை சிகிச்சையை அவர்கள் செய்தார்கள், அது சரியாக ஆறாதபோது நீ இப்போது எங்கள் மாணவன் இல்லை என்றார்கள், அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை கத்தி வைத்ததற்கு லோனெட் தான் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு, முதியோர் இல்லத்தில் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளை மாற்றிச் சம்பாதித்துப் பணம் கட்டினாள். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவன் யார்? வேண்டாமென்று தெருவில் விடப்பட்ட ஒருவன். அந்தப் பையன்களின் முன்னால், அந்த நீலச் சட்டையில், அப்படி ஒருவனாக நிற்க அவனால் முடியவில்லை.

"இவங்கதான்" என்றான். "கடைசிக் காசு வரைக்கும்."

டாரியன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நன்றி சார்" என்று உட்கார்ந்தான். அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது போலிருந்தது.

கூட்டம் கலைந்தபோது ஒருவன் மட்டும் மற்றவர்களை முன்னே போகவிட்டு நின்றான். கதவை அடைக்கிற உடம்பு, அதற்குப் பொருந்தாத குழந்தை முகம். டானர் ஸ்ட்ரூப் என்று பெயர் சொன்னான். தடுப்பு வரிசையில் ஆடுகிறவன். அவனுடைய முட்டியிலும் கட்டு இருந்தது.

"எனக்கும் இது கொஞ்ச நாளாப் படுத்துது சார். அம்மா ராத்திரி பகலா கவலப்படறாங்க. அப்பா இல்ல, அவங்க ஒரு ஆளுதான். நீங்க சொன்னத அப்படியே அவங்ககிட்டச் சொல்லப்போறேன். இன்னிக்கு அவங்க நிம்மதியாத் தூங்குவாங்க." அவன் கையை நீட்டினான். டெல்வினின் கை அந்தக் கைக்குள் காணாமல் போயிற்று.

டெல்வின் வாயைத் திறந்தான். இந்த ஒருவனிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் ஹாலக்கின் கை அவன் தோளில் விழுந்தது. "வாடா டெல், சாப்பிடப் போலாம். டானர், ஐஸ் வச்சியா? போ, வை." பையன் நொண்டியபடி போனான். டெல்வின் சாப்பிடப் போனான். நன்றாகவே சாப்பிட்டான். அதுதான் பிற்பாடு அவனுக்கு நினைவுக்கு வந்து அறுத்தது.

வீட்டில் லோனெட், "என்ன கேட்டாங்க?" என்றாள்.

"பெருசா ஒண்ணும் கேக்கல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையைக் கழற்றித் துவைக்கப் போடச் சொன்னாள்.

சங்கம் தோற்றது. சில ஓட்டுகள்தான் வித்தியாசம் என்று செய்தியில் சொன்னார்கள். செப்டம்பரில் அவனுடைய எண்ணைச் சுவரில் ஏற்றினார்கள். லோனெட் புதிதாக ஒரு பச்சை உடை வாங்கி உடுத்திக்கொண்டு வந்தாள். மைதானம் முழுக்க எழுந்து நின்றபோது அவளும் கை தட்டினாள். என்ன இருந்தாலும் தன் கணவன் என்று அவள் கண் கலங்கியிருந்தது. டெல்வினால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் டானர் ஸ்ட்ரூப்பை வண்டியில் வைத்து வெளியே கொண்டுபோவதைக் கடையின் டிவியில் பார்த்தான். ஒரு வாடிக்கையாளரிடம் கம்பளி நூலுக்கும் நைலானுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டு மறந்துபோனான். "அண்ணே, நைலான்" என்று ரிக்கி எடுத்துக்கொடுத்தான். பையன் சரியாகிவிடுவான் என்று டெல்வின் தனக்குச் சொல்லிக்கொண்டான். இப்போதெல்லாம் மருத்துவம் எங்கேயோ போய்விட்டதே.

மே மாதத்தில் கடைக்கு ஒரு பெண் போன் செய்தாள்.

"மிஸ்டர் டேட்டுங்களா? வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க. நான் கார்லா ஸ்ட்ரூப். டானரோட அம்மா."

நிறுத்தி நிதானமாகப் பேசினாள், சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் போல. அறுவை சிகிச்சை செய்தார்கள். உள்ளே சீழ் வைத்துவிட்டது. இன்னொன்று செய்ய வேண்டும். பையனுடைய உதவித்தொகை இந்த வருஷத்தோடு முடிகிறது, அதற்குப் பிறகு அவர்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.

"நான் போன் பண்ணாத ஆள் இல்லீங்க. ஒருத்தர் இன்னொருத்தரக் கைகாட்டறாங்க. டானர்தான் சொன்னான், உங்களுக்குக் கடைசி வரைக்கும் அவங்களே பாத்தாங்கன்னு நீங்க சொன்னீங்களாம். அப்ப நீங்க எந்த ஆபீசுல யாரப் பாத்தீங்கன்னு சொன்னா போதும். நான் அவங்களையே போய்ப் பாத்துக்கறேன். உங்களுக்கு வேற சிரமம் குடுக்க மாட்டேன்."

டெல்வின் கார்பெட் சுருள்களுக்கு நடுவில் நின்றிருந்தான். புதுக் கார்பெட்டின் பசை நெடி தொண்டையில் ஏறியது. "விசாரிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றான்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க சொன்னதுல நான் எவ்வளவு தைரியமா இருந்தேன் தெரியுங்களா."

அன்று மதியமே ஹாலக்கின் அறைக்குப் போனான். தண்ணீர் வழிகிற சுவரையும் தன் படத்தையும் தாண்டித் தலையைக் குனிந்தபடி நடந்தான். ஹாலக் வரவேற்று உட்காரச் சொன்னார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்கேடா. என் கையில என்ன இருக்கு?"

"கோச், நான் அன்னிக்கு அந்தப் பசங்ககிட்ட…"

"ஆமா. சொன்ன." ஹாலக் நாற்காலியில் சாய்ந்தார். "நான் சொல்லச் சொன்னேனாடா? உன் கதையச் சொல்லுன்னேன். நீ வாயத் தொறந்து கடைசிக் காசுன்னதும், பின்னாடி நின்ன எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. சரி, பெருந்தன்மையான ஆளு, பழச மறந்துட்டான்னு நினைச்சேன்."

கோபப்படத்தான் டெல்வின் வந்திருந்தான். வழியெல்லாம் அதைச் சேர்த்துக்கொண்டு வந்தான். இப்போது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்த மனிதர் சொல்வதில் பொய் இல்லை. அவர் எதையும் கேட்டு வாங்கவில்லை. எல்லாவற்றையும் அவன்தான் தட்டில் வைத்துக் கொடுத்தான். அவன் எழுந்தபோது முட்டி பூட்டிக்கொண்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அது விடும்வரை நிற்க வேண்டியிருந்தது. ஹாலக் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் சொல்லலாம் என்று பல தடவை எண்ணை அழுத்தி நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை லோனெட்டிடம் ஒரு பழைய நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அதுவும் ஒரு பொய் என்பது நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இருபுறமும் சோளம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது.

கார்லா ஸ்ட்ரூப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். குள்ளமாக, கை காய்ப்பேறி இருந்தாள். அவ்வளவு பெரிய பையன் இவள் வயிற்றிலா என்று யாருக்கும் தோன்றும். "நேர்லயே வந்துட்டீங்களே!" என்று அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு அறையில் டானர் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தான். அவனைப் பார்த்ததும் ஊன்றுகோலைத் தேடி எழ முயன்றான். "வேணாம்ப்பா, உக்காரு" என்றான் டெல்வின். பையன் கேட்கவில்லை. எழுந்து நின்று கை கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். அந்தத் தோள்கள் மட்டும் அப்படியே இருந்தன, ஆள் போன பிறகு மாட்டியிருக்கிற கோட்டு மாதிரி.

கார்லா மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழியும் நூடுல்ஸும் ஊற்றி, தட்டை அவன் முன்னால் வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

"இல்லம்மா. நான் சொல்லிட்டு… அப்புறம் நீங்க போடறதா இருந்தா போடுங்க."

அவள் கரண்டியோடு நின்றாள்.

"பாக்கறதுக்கு யாரும் இல்ல. எந்த ஆபீசும் இல்ல. எனக்கும் உங்க பையனுக்குச் சொன்னதையேதான் சொன்னாங்க. என் முட்டிக்கு அவங்க கட்டல. நான் பொய் சொன்னேன்."

டானர்தான் முதலில் பேசினான். குரலில் கோபமில்லை, கணக்கு தப்பிப்போனவனின் குழப்பம்தான் இருந்தது.

"கடைசிக் காசு வரைக்கும்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன்."

"ஏன் சார்?"

எத்தனையோ பதில் வைத்திருந்தான். வழியில் சொல்லிப் பார்த்தும் வந்திருந்தான். அந்த மேஜையில் எதையும் எடுத்து வைக்க முடியவில்லை.

"நான் சங்கம் கூடாதுன்னுதான் ஓட்டுப் போட்டேன்" என்றான் டானர். "டாரியன் என்கிட்ட அன்னிக்கு ராத்திரி கெஞ்சினான். அந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார்டான்னு நான் அவன்கிட்டச் சண்டை போட்டேன்." காதெல்லாம் சிவந்து, கீழே காலைப் பார்த்தான். வெட்கப்பட்டது பையன். டெல்வினுக்காக அவன் வெட்கப்பட்டான். டெல்வின் தன் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் அடி வாங்கியிருக்கிறான். இப்படி ஒரு அடி வாங்கியதில்லை.

கார்லா கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அப்ப யாரு கட்டினாங்க?"

"என் மனைவி."

"உங்ககூட இருக்காங்களா இன்னும்?"

"இருக்கா."

"அவங்க நம்பரக் குடுங்க."

"எதுக்கும்மா? என்ன கேக்கணுமோ என்கிட்ட…"

"உங்ககிட்டக் கேட்டு என்ன பண்றது?" என்றாள் கார்லா. குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. "ஆஸ்பத்திரில யார்கிட்டத் தவணை கேட்டாங்க, எங்க குறைச்சாங்க, எத விட்டாங்க, எத விடக்கூடாது. கட்டினவங்களுக்குத்தானே அது தெரியும். நீங்க படுத்திருந்தீங்க."

லோனெட்டுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது என்று சொல்ல வந்தான். நான் அங்கே என்ன சொன்னேன் என்று என் மனைவிக்குத் தெரியாது, நான் இங்கே வந்திருப்பதும் தெரியாது, நான் போய்ச் சொல்கிறேன், ஒரு நாள் கொடுங்கள். எதையும் சொல்லும் யோக்கியதை தனக்கில்லை என்று தோன்றிற்று. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னான். கார்லா அங்கேயே அழுத்தினாள். மணி அடிப்பது அவனுக்கும் கேட்டது. எடுக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை லோனெட் தெரியாத எண்களை எடுப்பதில்லை.

எடுத்தாள்.

"ஹலோ, மிசஸ் டேட்டுங்களா? உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு, பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்காரு. உங்களுக்கு என்னத் தெரியாது. என் பையன் பிராட்வெல்ல ஆடினவன்…" பேசிக்கொண்டே அவள் பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போனாள். கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது.

டானர் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டான். ஏதோ கோல்ஃப் ஆட்டம். சத்தத்தைக் கூட்டவில்லை. இருவரும் அதைப் பார்த்தார்கள். தட்டில் குழம்பின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

வெளியே கார்லா வேலியோரமாக நடந்தபடி, ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். பிறகு அந்தக் கை நின்றது. பிறகு நடையும் நின்றது. புல்வெளியில் மழையில் நனைந்து கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், ஈரத்தைத் துடைக்காமலே உட்கார்ந்தாள். ஒரு தடவை தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியாக டெல்வினைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். மறுபடி நிமிர்ந்தபோது அவள் முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள். குனிந்த கழுத்தும், காதோடு அழுத்திய போனும், இன்னொரு காதைப் பொத்தியிருந்த கையும் தெரிந்தன. வெகுநேரம் அவள் எதுவும் பேசவில்லை. லோனெட் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.